கணுக்கால் வரைக்கும்

"உன் வீட்டுக்காரரை இன்னிக்கும் பாத்தேன்" என்று ரேடியோ ஆரம்பித்ததும், அவள் கையிலிருந்த இஸ்திரிப் பெட்டி ஒரு வெள்ளைச் சட்டையின் காலரில் தேவைக்கு மேல் நின்றுவிட்டது. சட்டென்று தூக்கினாள். நல்லவேளை, தீயவில்லை.

சலவைக் கடையில் துணி மடிக்கும் அந்தப் பெண்ணுக்கு ரேடியோ என்று பெயர் வைத்தவள் முதலாளியம்மா. வாயைத் திறந்தால் ஊர்ச் செய்தி மொத்தத்தையும் வாசித்துவிட்டுத்தான் மூடுவாள். நடுவில் அணைக்க வழி கிடையாது.

"எங்கே பாத்தே?" என்றாள், குரலில் ஒன்றும் காட்டாமல்.

"அதே மூக்குக்கண்ணாடிக் கடை வாசல்தான். உள்ளே அந்தப் பொண்ணு உக்காந்திருக்கா. இவரு வெளியே நின்னு வச்ச கண்ணு வாங்காம பாத்துக்கிட்டு இருக்காரு. போன வாரமும் இப்படித்தான். நான் ஒண்ணும் தப்பா சொல்லலம்மா. கண்ணுல பட்டதைச் சொன்னேன்."

"கண்ணு மங்கலா இருக்குன்னு சொல்லிக்கிட்டிருந்தாரு. கண்ணாடி மாத்தணுமாம்."

"அப்படியா? மாத்தறதுன்னா உள்ள போகணும்ல?"

முதலாளியம்மா தொண்டையைக் கனைத்தாள். ரேடியோ அடுத்த போர்வையை எடுத்து உதறினாள்.

கண்ணாடி மாற்றவேண்டும் என்று அவள் சொன்னது பொய். கண் மங்குவதாக அவர் ஒருநாளும் சொன்னதில்லை. அவர் பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியார். பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் விசில். மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடியில் எவன் வரிசையில் கோணலாக நிற்கிறான் என்று பார்த்துச் சொல்லும் கண் அது. கல்யாணமாகி, மகளையும் கட்டிக்கொடுத்து அனுப்பியாகிவிட்ட இந்த வயதிலும் கண்ணாடி போடாத மனிதர்.

ரேடியோ சொன்னது மட்டும் என்றால் அவள் உதறித் தள்ளியிருப்பாள். வீட்டுக்குள்ளேயே வேறு சில விஷயங்கள் அவளை அரித்துக்கொண்டிருந்தன. கொஞ்ச நாளாக அவர் சட்டைப் பையில் எப்போதும் புதினா மிட்டாய். வாய் மணக்கிறது, யாருக்காக? பள்ளி விட்டு நேராக வீட்டுக்கு வருகிறவர் இப்போதெல்லாம் பொழுது சாய வருகிறார். கேட்டால் "வேலை" என்று ஒரு சொல். கட்டிலில் தன் கால் அவள் மேல் பட்டுவிடக் கூடாது என்பதுபோல் சுருட்டி வைத்துக்கொள்கிறார். அப்புறம் அதுவும் போய், கூடத்து நாற்காலியில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு தூங்க ஆரம்பித்துவிட்டார். உள்ளே புழுக்கமாம். பகலிலும் வீட்டில் சாக்ஸைக் கழற்றுவதில்லை.

ஊரார் சட்டைப் பைகளைத் துழாவி, மறந்து விட்ட சீட்டையும் சில்லறையையும் எடுத்துக் கொடுப்பது அவள் தொழில். எந்த வீட்டில் எது புகைகிறது என்று துணியை வைத்தே சொல்லிவிடுவாள். தன் வீட்டுத் துணி இத்தனை நாளாகச் சொல்லிக்கொண்டிருந்ததை மட்டும் கேட்காமல் விட்டுவிட்டாள்.

மறுநாள் மதியத்துக்கு மேல் முதலாளியம்மாவிடம் தலைவலி என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு எதிர்ச் சாரியில் ஒரு மரத்தடியில் போய் நின்றாள். மணி அடித்தது. பிள்ளைகள் கொட்டின மாதிரி ஓடி வந்தார்கள். கூட்டம் வடிந்த பிறகு அவர் வந்தார். நெஞ்சை நிமிர்த்தித்தான் நடந்தார். அவள் இந்தப் பக்கமாகவே பின்தொடர்ந்தாள். ஒளிந்து நடப்பது எத்தனை கேவலம் என்று ஒரு பக்கம் மனசு சொன்னது. கால் கேட்கவில்லை.

ரேடியோ பொய் சொல்லவில்லை. கண்ணாடிக் கடை வாசலில் அவர் நின்றார். ஒரு கையை ஜன்னல் கண்ணாடியில் ஊன்றிக்கொண்டு உள்ளேயே பார்த்தார். உள்ளே சுருட்டை முடிக்காரப் பெண் ஒருத்தி தலை நிமிர்ந்து, அவரைப் பார்த்து லேசாகத் தலையசைத்தாள். தெரிந்த முகத்துக்கு அசைக்கிற அசைப்பு.

அவளுக்குக் காதில் ரத்தம் இரைந்தது. அவர் நகர்ந்து தெருமுனை தாண்டும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். பிறகு வண்டிகளைக்கூடப் பாராமல் குறுக்கே பாய்ந்து கடைக்குள் நுழைந்தாள்.

"இப்ப வாசல்ல நின்னுட்டுப் போனாரே, அவரு யாரு உனக்கு?"

சுருட்டை முடிக்காரி எழுந்தே நின்றுவிட்டாள். "அக்கா, நீங்க..."

"நான் அவரு பொண்டாட்டி."

கடையின் பின்கட்டில் கண்ணாடி தேய்க்கும் இயந்திரம் நின்றது. ஒருவன் எட்டிப் பார்த்தான். "என்ன சத்தம்?" என்றான். "ஒண்ணுமில்லங்க, நீங்க வேலையைப் பாருங்க" என்று அவனை அனுப்பிவிட்டு அந்தப் பெண் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்கக்கா. உங்களை எப்படித் தேடறதுன்னு நானும் அவரும் பேசிக்கிட்டுதான் இருந்தோம். அவருன்னா, பின்னாடி இருக்காரே, என் வீட்டுக்காரர். உங்க சாருக்குக் கால்ல என்னக்கா?"

"காலா?"

"ஒருநாள் இங்க வந்து நின்னாரு. மூஞ்சியெல்லாம் வேர்த்து ஊத்துது. நெஞ்சுவலின்னு பயந்துட்டேன். உள்ள கூப்பிட்டு இந்த ஸ்டூலைத்தான் போட்டேன். கெண்டைக்காலைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தாரு. கேட்டா, ஃப்ரேம் பாக்க வந்தேங்கறாரு. நாலஞ்சு மாட்டிக்கூடப் பாத்தாரு பாவம். கொஞ்ச நேரத்துல சரியாயிடுச்சு, எழுந்து போயிட்டாரு. அன்னியிலேர்ந்து தினமும் இப்படித்தான். கண்ணாடியைப் பிடிச்சுக்கிட்டு நிப்பாரு, வலி விட்டதும் போவாரு. இங்க மட்டும் இல்ல. அடுத்து பெயிண்ட் கடை வாசல்ல நிப்பாரு. பாக்கறவங்களுக்குச் சாமான் பாக்கற மாதிரி இருக்கும். இப்பல்லாம் ஒரு தடவை நின்னு அடுத்த தடவை நிக்கற தூரம் குறைஞ்சுக்கிட்டே வருதுக்கா. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

அவளுக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். ஒரு நொடி வந்தது. அடுத்த நொடியே வேறு ஒரு பயம் மேலே ஏறி உட்கார்ந்தது. வந்த வேகம் எங்கே போனதென்று தெரியாமல், "தப்பா நினைச்சுக்காதேம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

வீட்டில் அவர் ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் கடைக்குப் போனேன்" என்றாள்.

"எந்தக் கடை?"

"நீங்க தினமும் நின்னு தரிசனம் பண்ற கடை."

விரல் நின்றது. அவள் வேண்டுமென்றே கால் பேச்சை எடுக்கவில்லை. அவரே சொல்லட்டும். இத்தனை வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்டதுக்கு இதைக்கூடச் சொல்ல மாட்டாரா? காத்திருந்தாள்.

அவர் நிமிராமலே சொன்னார். "சரி. நீ என்ன நினைக்கிறியோ நினைச்சுக்கோ."

"நினைச்சுக்கவா?"

"ஆமா. எனக்குச் சொல்றதுக்கு ஒண்ணுமில்ல."

இவர் செய்யாத குற்றத்தைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்கிறார்!

"சாக்ஸைக் கழட்டுங்க."

"எதுக்கு?"

"கழட்டுங்கன்னா கழட்டுங்க."

அவர் எழுந்து குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார். கதவைத் தட்டினாள், கெஞ்சினாள், திட்டினாள். உள்ளே குழாயில் தண்ணீர் விழும் சத்தம்தான் கேட்டது. அன்றைக்கு இருவரும் சாப்பிடவில்லை.

காலையில் கூடத்திலிருந்து ஏதோ விழும் சத்தம் கேட்டு ஓடி வந்தாள். நாற்காலி சாய்ந்து கிடந்தது. அவர் தரையில் உட்கார்ந்து வலது காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"கால் இருக்கா இல்லையான்னே தெரியல" என்றார். குரல் அவர் குரலாக இல்லை.

சாக்ஸை அவளே உருவினாள். பாதம் மெழுகு மாதிரி வெளுத்திருந்தது. சுண்டுவிரல் நீலம் பாய்ந்து கறுத்துக்கொண்டு வந்தது. தொட்டாள். ஐஸ் கட்டியைத் தொட்டதுபோல் கை தானாகவே பின்வாங்கியது. முழங்காலுக்குக் கீழே ரோமம் முழுவதும் உதிர்ந்து தோல் பளபளவென்றிருந்தது. இத்தனை நாள் சாக்ஸுக்குள் இதைத்தான் மறைத்து வைத்திருந்தாரா?

வாடகைக் காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். அவசரப் பிரிவு டாக்டர் இடுப்பு மடிப்பில் விரல் வைத்தார், முழங்காலுக்குப் பின்னால் வைத்தார், கணுக்காலில் வைத்தார், பாதத்தின் மேல் வைத்தார். ஒவ்வொரு இடமாக இறங்க இறங்க அவர் முகம் இறுகிக்கொண்டே போனது.

"பாதத்துல நாடி இல்ல. நடக்கறப்ப வலி எத்தனை நாளா?"

"இப்பத்தான்..." என்று அவர் இழுத்தார்.

"ரொம்ப நாளா" என்றாள் அவள்.

"ரத்தக்குழாய் முன்னாடியே சுருங்கியிருக்கணும். இப்ப அதுல ரத்தக் கட்டி ஒண்ணு அடைச்சிருக்கு. எங்க சுருங்கியிருக்கு, எங்க அடைச்சிருக்கு, அடைப்புக்குக் கீழே குழாய் திறந்திருக்கா இல்லையா, எனக்கு இது மூணும் தெரியணும். ரத்தப் பரிசோதனையில சிறுநீரகம் கொஞ்சம் பலவீனமா தெரியறதால மருந்து செலுத்தி எடுக்கற படத்தை முடிஞ்சவரைக்கும் தவிர்க்கறேன். ஸ்கேனுக்குப் போங்க. உடனே." ரத்தம் உறையாமலிருக்க ஓர் ஊசியைப் போட்டுத் தள்ளுகட்டிலில் அனுப்பினார்.

"கீழே திறந்திருக்கலேன்னா?" என்று அவள் வாசலில் நின்று கேட்டாள்.

"முதல்ல பாத்துடுவோம்மா."

ஸ்கேன் அறை இருட்டாக இருந்தது. திரை வெளிச்சம் மட்டும். ஸ்கேன் எடுக்கிறவள் தலைமுடியை இறுக்கிக் கட்டிய, அதிகம் பேசாத பெண். முதலில் கைக்கும் கணுக்காலுக்கும் பட்டை கட்டிக் காற்றடித்து ரத்த அழுத்தம் பார்த்தாள். பேனா போன்ற ஒரு கருவியை வலது கணுக்காலில் வைத்துக் காது கொடுத்தாள். இடத்தை மாற்றினாள். மறுபடி மாற்றினாள். ஒன்றும் சொல்லாமல் பட்டையைக் கழற்றினாள்.

"ஐயா, எவ்வளவு தூரம் நடந்தா வலி வரும்?"

"அப்படியெல்லாம் இல்ல. எப்பவாவது..."

"பள்ளிக்கூட வாசல்லேர்ந்து கண்ணாடிக் கடை வரைக்கும்" என்றாள் அவள். "அங்கேர்ந்து பெயிண்ட் கடை. அதுக்கப்புறம் எங்கெங்கேன்னு அவரைத்தான் கேக்கணும். பஸ்ஸே அத்தனை இடத்துல நிக்காது."

"சிகரெட் உண்டா?"

"விட்டு வருஷக்கணக்காச்சு" என்றார்.

அவள் கண் கொக்கியில் தொங்கிய அவர் சட்டைக்குப் போனது. எழுந்து பையில் கைவிட்டுப் புதினா மிட்டாயை எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். "அப்ப இது?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "நாலஞ்சு பிடிப்பேன். ஸ்டோர் ரூம் பின்னாடி."

"இதை நான் யாருக்குன்னு நினைச்சேன் தெரியுமா? நேத்து அந்தப் பொண்ணு கடையில போய்..."

"அம்மா" என்றாள் ஸ்கேன் எடுக்கிறவள். "எனக்கு இந்தச் சத்தம் கேட்டாகணும். ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசாதீங்க."

நல்ல காலில்தான் ஆரம்பித்தாள். இடுப்பு மடிப்பில் குளிர்ந்த பசையைத் தடவிக் கருவியை அழுத்தியதும் திரையில் சாம்பல் நிறத்துக்கு நடுவே சிவப்பாக ஒரு பட்டை துடித்தது. அறை முழுக்க ஒரு சத்தம்: சவுக்கைச் சொடுக்கினதுபோல், கூர்மையாக, தாளம் தவறாமல். தொடை, முழங்கால், கணுக்கால் என்று சவுக்குச் சத்தம் கூடவே இறங்கி வந்தது.

பிறகு வலது கால். இடுப்பில் சவுக்கு இருந்தது. அவளுக்கு உயிர் வந்தது. தொடை நடுவில் வரும்போது சத்தம் மாறியது. சீறியது.

"அது என்னம்மா?" என்று தன்னை மீறிக் கேட்டுவிட்டாள்.

"குழாய் வாயை விரலால அழுத்திப் பிடிச்சா தண்ணி சீறும்ல, அதான். இங்க சுருங்கியிருக்கு." கையை இன்னும் கீழே நகர்த்தினாள். சீறல் கரகரத்தது, மங்கியது. முழங்காலுக்குச் சற்று மேலே நின்றேவிட்டது. திரையில் சிவப்பும் இல்லை, நீலமும் இல்லை. கறுப்பாக ஒரு குழாய் மட்டும், கரி அடைத்த புகைபோக்கி மாதிரி.

முழங்காலுக்குப் பின்புறம், ஒன்றுமில்லை. கெண்டைக்கால், ஒன்றுமில்லை. அந்தப் பெண் ஏதேதோ பொத்தான்களைத் திருகினாள். கருவியை மாற்றினாள். பசையை அள்ளிப் பூசினாள். இயந்திரத்தின் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. மூடிய உதட்டோடு ஒருவர் எதையோ தேடும்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பதைவிடக் கொடுமை கிடையாது. வெட்டிவிடுவார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. எங்கே வெட்டுவார்கள், முழங்காலுக்குக் கீழேயா, மேலேயா என்றுகூட மனசு கணக்குப் போட்டது. தன் மேலேயே அவளுக்கு வெறுப்பு வந்தது.

"எழுந்து உக்காருங்க ஐயா. காலைக் கீழே தொங்கப் போடுங்க. அப்பதான் மிச்சம் மீதி ரத்தம் இறங்கி வரும்." அந்தப் பெண் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். "அம்மா, அவரைப் பிடிச்சுக்கங்க. அசையக் கூடாது."

அவள் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன் சொல்லல?" என்றாள், காதோடு.

"எனக்கு முன்னாடி இருந்த வாத்தியாருக்கு இடுப்பு உடைஞ்சதும் பந்து எண்ணற வேலைக்குப் போட்டாங்க. ஸ்டோர் ரூம்ல. காத்து இறங்கின பந்தோட பந்தா அவரும் கிடந்தாரு."

"அதை விடுங்க. நேத்து நான் கேட்டப்ப? நான் என்ன நினைக்கிறேன்னு உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"தெரிஞ்சும் நினைச்சுக்கோன்னு சொன்னீங்களா?"

"கெட்டவன்னு நீ நினைச்சா சண்டை போடுவே. நொண்டின்னு நினைச்சா பாவப்படுவே. சண்டையே தேவலைன்னு தோணுச்சு."

அவளுக்கு அந்த மனிதரை அங்கேயே ஓங்கி ஓர் அறை விட வேண்டும் போலிருந்தது. அசையக் கூடாதென்று சொல்லியிருந்தார்கள். பிடித்த தோளை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். கண்ணீர் அவர் பனியனில் சொட்டியது.

"ஷ்ஷ்" என்றாள் கீழேயிருந்தவள்.

கணுக்காலின் உள்பக்கம், எலும்புக்குப் பின்னால், கருவியைத் தோலில் பட்டும் படாமலும் பிடித்திருந்தாள். அழுத்தினால் இருப்பதும் நசுங்கிவிடும் என்பதுபோல. முதலில் மேலே தோளைப் பிடித்துக்கொண்டிருந்த அவளுக்கு எதுவும் கேட்கவில்லை. பிறகு கேட்டது. சவுக்கும் இல்லை, சீறலும் இல்லை. தூரத்தில் யாரோ பாட்டில் வாயில் ஊதுவதுபோல் ஒரு மந்தமான ஊ... நின்று, மறுபடி ஊ... திரையில் நூல் போல ஒரு சிவப்பு வந்து வந்து மறைந்தது.

அந்தப் பெண் கருவியை அசைக்காமல், இன்னொரு கையால் தொலைபேசியை எடுத்தாள். "டாக்டர், கணுக்கால்ல ஒரு குழாய் திறந்திருக்கு. நேர்ல வந்து பாத்துடுங்க."

டாக்டர் ஓட்டமும் நடையுமாக வந்தார். மண்டியிட்டு உட்கார்ந்திருந்தவளின் பக்கத்தில் தானும் குந்தினார். அவள் கைகாட்டிய வழியே அந்த நூல் பாதத்துக்குள் போவதையும், மேலே கெண்டைக்கால் நடுவரைக்கும் ஏறுவதையும் இருவரும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அவர் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"மேலேயிருந்து வர்ற ரத்தத்துக்குப் போய்ச் சேர ஒரு இடம் வேணும்மா. இடம் இருக்கு. இப்பவே உள்ள கொண்டுபோறோம். கட்டியை உறிஞ்சி எடுத்துட்டு, தொடையில சுருங்கின இடத்தை பலூன் விட்டு விரிக்கணும். உத்தரவாதம்னு நான் எதையும் சொல்ல மாட்டேன். அந்தச் சுண்டுவிரலைக் காப்பாத்த முடியுமான்னும் தெரியல."

"விரல் போனாப் போகட்டும்" என்றாள் அவள்.

"என் விரல்" என்றார் அவர்.

"நீங்க பேசாதீங்க."

உள்ளே கொண்டுபோனார்கள். நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்த நேரம் எவ்வளவு என்று பிற்பாடு மகள் தொலைபேசியில் கேட்டபோது அவளால் சொல்ல முடியவில்லை. எதிர்ச் சுவரில் ஈரம் படர்ந்து ஒரு கறை இருந்ததை மட்டும் சொன்னாள். கதவு திறந்து டாக்டர் வந்தார். அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "கால் சூடாகிட்டு வருது" என்றார்.

மறுநாள் ஸ்கேன் எடுக்கிறவள் சின்ன இயந்திரம் ஒன்றை உருட்டிக்கொண்டு வார்டுக்கே வந்தாள். கணுக்காலில் வைத்ததும் சத்தம் வந்தது. நல்ல கால் அளவுக்கு இல்லை. ஆனால் சொடுக்கு இருந்தது. அந்தப் பெண் முதல் முறையாகச் சிரித்தாள். விரல் பிழைக்கவில்லை. அடுத்த வாரம் அதை எடுத்தார்கள்.

ரேடியோ பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தாள். ரேடியோ ஆரம்பிக்குமுன் இவளே முந்திக்கொண்டு முழுக் கதையையும் சொன்னாள், கண்ணாடிக் கடையில் போய்ச் சண்டை போட்டது உட்பட. ரேடியோவுக்கு வாயடைத்துப் போனது. ரேடியோ வாயடைத்ததைச் சலவைக் கடையில் யாரும் நம்பவில்லை.

அவர் தலைமையாசிரியருக்குத் தானே போன் போட்டுச் சொன்னார், எதையும் மறைக்காமல். மறுமுனையில் என்ன சொன்னார்களோ, ரொம்ப நேரம் "சரிங்க, சரிங்க" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். கோடைக்குப் பிறகு வரச் சொன்னார்களாம். ஓடுவதற்கு இன்னொருவரைப் போடுவார்கள், விசில் இவரிடமே இருக்கும்.

சிகரெட்டை நிறுத்தினார். நிறுத்தியபின் நாய்போல எரிந்து விழுந்தார். அவளும் பதிலுக்கு விழுந்தாள். தினமும் நடக்க வேண்டும், வலிக்கும்வரை நடந்து, நின்று, மறுபடி நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நடந்தால் பக்கக் கிளைகள் பெருத்து ரத்தத்துக்கு வேறு பாதை போட்டுக்கொள்ளுமாம். காலையில் அவள் வேலைக்குப் போகுமுன் இருவருமாகக் கிளம்புவார்கள்.

முதல் சில நாள் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு நடப்பதை அவள் கவனித்தாள், ஆனால் கேட்கவில்லை. ஒருநாள், ஆற்றுப் பாலத்தின் நடுவில், பின்னால் வருகிறவர்களெல்லாம் விலகிப் போக, அவர் பட்டென்று நின்றார்.

"இரு. வலிக்குது."

அவளும் நின்றாள். சைக்கிள்காரன் ஒருவன் மணியடித்துத் திட்டிவிட்டுப் போனான்.

"நினைச்சுக்கோன்னு சொன்னீங்களே, அதை மட்டும் நான் இன்னும் மன்னிக்கல" என்றாள் அவள்.

"தெரியும்."

கொஞ்ச நேரம் கழித்து, "போலாமா?" என்று கேட்டாள்.

"வலி இன்னும் விடல."

"சரி, நில்லுங்க" என்றாள்.